உப்பிட்டு வறுத்தலும் எச்சக் கணக்கும்

1. தோற்றுவாய்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் மாகறல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் இது. இங்குள்ள இலிங்கம் உடும்பின் வால் போன்ற வடிவினது. சோழவேந்தன் ஒருவன் பொன்னிற உடும்பொன்றைக் கண்டு துரத்தினான் என்றும், அது புற்றினுள் புகுந்து மறைய, அவ்விடத்தே இறைவன் வெளிப்பட்டான் என்றும் தலவரலாறு கூறும். அவ்வேந்தன் இராசேந்திரன் என்பது ஊர் வழக்கு. இக்கதையை வரலாற்றுச் சான்றாக நாம் கொள்ளவில்லை. ஆயினும் அதில் ஒரு செய்தி நம் ஆராய்ச்சிக்குத் துணை செய்கின்றது. துரத்தப்பட்ட பொருள் கண்ணுக்கு மறைந்ததேயன்றி இல்லாமற் போகவில்லை. வேறிடத்தில் வேறு வடிவில் இருந்தது என்பதே அது.

கனிமத் தொழிலின் புகைக்கும் இது பொருந்தும். செம்பு, ஈயம், துத்தநாகம் முதலியவற்றின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு கலந்து மண்ணில் கிடக்கின்றன. அவற்றைத் தூளாக்கி, பயனற்ற கல்லை நீக்கி, அடர்ப்பித்து, காற்றோட்டத்தில் வறுக்கும்போது கந்தகம் கந்தக டைஆக்சைடாக மாறி வெளியேறுகின்றது. அவ்வளி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிப்பது, பயிரைக் கருக்குவது, மழையோடு கலந்து அமிலமாவது. இதனைத் தடுப்பதற்குச் சொல்லப்பட்ட வழிகளுள் ஒன்று, அடர்ப்பித்த தாதுவோடு கறியுப்பைக் கலந்து வறுத்தல். கந்தகம் புகையாய்ப் போகாமல் உப்போடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாக அடுப்பிலேயே தங்கிவிடும் என்பது அதன் அடிப்படை.

இம்முறை பற்றி இருவகைக் கருத்துகள் எழக் காண்கிறோம். உப்பு புகையை ஒழித்துவிடும் என்பது ஒன்று. பொன்னை உப்பிட்டுப் புடமிட்ட நம் முன்னோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு இனியன. இரண்டும் எவ்வளவு மெய் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பொன்னும் உப்பும்

முதற்கண் இரண்டாவது கருத்தை எடுத்துக்கொள்வோம். பொன்னைத் தீயிலிட்டுத் தூய்மை செய்தல் தமிழர் நன்கறிந்த தொழில். ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னைச் சிலப்பதிகாரம் பிரித்துக் கூறுகின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் துளை, நிறை, செம்மை, தீப்போக்கு எனும் சொற்கள் பொன்னின் தரத்தைக் குறிக்க வழங்குகின்றன. தீயிலிட்டு மாசு போக்கிய பொன்னே தரமான பொன்னாக ஏற்கப்பட்டது என்பது இச்சொற்களால் விளங்கும்.

பொன்னிலிருந்து வெள்ளியைப் பிரிப்பதற்கு உப்பைப் பயன்படுத்தும் முறை பழைய உலகம் எங்கும் பரவியிருந்தது. இலிதிய நாட்டுச் சார்டிசு நகரில், கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன் தூய்மை செய்யும் பட்டறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எகிப்தியப் பொற்சுரங்கங்களைப் பற்றி எழுதிய அகத்தார்கிடெசு என்பார், பொன்னோடு ஈயமும் உப்பும் பிறவும் சேர்த்து மூடிய மண்கலத்தில் ஐந்து பகலும் ஐந்து இரவும் சுட்டதாகக் கூறுகின்றார். இந்திய நாட்டில், 1318-இல் தில்லி நாணயச்சாலையோடு தொடர்புடைய தக்கூர பேரு, பொன் வெள்ளிகளின் தரங்காணலைப் பற்றித் தனி நூலொன்று இயற்றினார். அக்பரது நாணயச்சாலையில் பொன்னைத் தூய்மை செய்த முறையை அபுல்பசலின் ஆயினி அக்பரி விளக்குகின்றது. அங்குப் பயன்பட்ட கலவைக்குச் சலோனி என்று பெயர்.

இம்முறை செயற்படும் விதம் எளிது. மெல்லிய தகடாக அடித்த பொன்னைச் செங்கற்பொடியும் உப்பும் கலந்த கலவையுள் புதைத்து, பொன் உருகாத அளவு சூட்டில் நெடுநேரம் வைப்பர். செங்கற்பொடியிலுள்ள மணற்சத்தும் ஈரமும் உப்பைத் தாக்க, அதிலிருந்து குளோரின் சார்ந்த வளிகள் எழும். அவை வெள்ளியைப் பற்றி வெள்ளிக் குளோரைடாக மாற்றும், பொன்னைத் தீண்டா. உருகிய வெள்ளிக் குளோரைடைச் செங்கற்பொடி உறிஞ்சிக்கொள்ளும். முடிவில் பொன் தகடு தூய்மையுற்று நிற்கும். வெள்ளி அழிந்துபோகாது; செங்கற்பொடியில் ஒளிந்திருக்கும். அப்பொடியை ஈயத்தோடு உருக்கினால் வெள்ளி மீண்டும் கைக்கு வரும்.

இதனை உற்றுநோக்கின், இது தாதுவை வறுக்கும் முறையன்று என்பது புலனாகும். இங்கு எடுத்துக்கொண்ட பொருள் உலோகம். கந்தகத் தாது அன்று. நோக்கமும் புகையைக் குறைத்தல் அன்று, மாற்று உயர்த்தல். சித்த மருத்துவ நூல்களில் உப்புவகைகளும் புடவகைகளும் விரிவாகப் பேசப்படுவது உண்மையே. ஆயினும் மருந்துக்குச் சிறிதளவு உலோகத்தை நீறாக்குதல் வேறு. மலையளவு தாதுவை வறுத்து உலோகம் எடுத்தல் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுவ முயல்வது ஆராய்ச்சி நெறியாகாது. எனவே, உப்பு தீயில் உலோகங்களைப் பிரிக்கும் என்ற அறிவு பண்டைய இந்தியாவில் இருந்தது என்ற அளவில் நிற்பதே தகும்.

ஆனால் மாகறலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் இதனினும் சிறந்த வேறொரு செய்தி உள்ளது. குடவோலை முறையைக் கூறும் பராந்தகன் காலக் கல்வெட்டுகளால் புகழ் பெற்ற அவ்வூரில், பொன் வாரியம் என ஒரு வாரியம் இருந்தது. ஊரார் கொண்டுவரும் பொன்னின் மாற்றைக் காண்பதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவ்வூர்ச் சபை கல்லில் பொறித்து வைத்தது. பொன்னை உரைகல்லில் உரைக்கும்போது கல்லில் ஒட்டும் துகளை மெழுகால் ஒற்றி எடுப்பர். அம்மெழுகு மாற்றுக் காண்பாருக்கு உரியதன்று. அதனை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்று சபை விதித்தது. உரைகல்லில் ஒட்டிய துகளுக்கும் ஊர் கணக்குக் கேட்டது என்பதே இதன் பொருள். தொழிலின் எச்சம் எங்குப் போகின்றது, யாரிடம் சேர்கின்றது என்ற கேள்வியைப் பத்தாம் நூற்றாண்டுத் தமிழூர் ஒன்று எழுப்பி விடையும் கண்டது. உப்பிட்டு வறுத்தல் பற்றிய ஆராய்ச்சியில் நம் முன்னோரிடமிருந்து நாம் பெறத்தக்க செல்வம் இதுவேயாகும்.

3. கந்தகத் தாதும் உப்பும்

தாதுவோடு உப்பைச் சேர்க்கும் பெருந்தொழில் பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவில் தொடங்கியது. பச்சூக்கா எனும் ஊரில் பார்த்தலோமே தெ மெதீனா என்பார் 1550-களின் நடுவில், தூளாக்கிய வெள்ளித் தாதுவை உப்பு, பாதரசம், செம்புச் சல்பேட்டு ஆகியவற்றோடு முற்றத்தில் பரப்பிப் பிசைந்து வெள்ளி எடுக்கும் முறையைப் பெருக்கினார். இம்முறையில் அடுப்பு இல்லை, வெயிலே போதும். ஆனால் பாதரசம் ஏராளமாக ஆற்றிலும் மண்ணிலும் காற்றிலும் கலந்தது.

1780-களில் ஆசுத்திரிய நாட்டு இக்னாசு ஃபான் போர்ன் இதனை மாற்றியமைத்தார். தாதுவை முதலில் உப்போடு வறுத்து, பின்னர்ப் பாதரசத்தோடு சேர்ப்பது அவர் முறை. 1786-இல் இதனை அவர் நூலாகவும் வெளியிட்டார். சாக்சனி நாட்டு ஃபிரைபர்க்கு அருகிலும் இம்முறை கால்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகுசுத்தின் என்பார் பாதரசத்தையே விலக்கினார். உப்பிட்டு வறுத்ததால் தோன்றிய வெள்ளிக் குளோரைடைச் சூடான உப்புநீரில் கரைத்து, செம்பைக் கொண்டு வெள்ளியைப் படிய வைத்தார்.

இம்முறைகளில் கந்தகம் பகையாகக் கருதப்படவில்லை என்பது கருதத்தக்கது. உப்பிலுள்ள குளோரினை விடுவிப்பதற்குத் தாதுவிலுள்ள கந்தகமே துணையாயிற்று. கந்தகம் போதாத தாதுவுக்குப் பைரைட்டு எனும் இரும்புச் சல்பைடைச் சேர்த்து வறுத்தனர். ஆகவே, அக்கால உப்பு வறுத்தலின் நோக்கம் வெள்ளியைப் பெறுதல். கந்தகம் சல்பேட்டாகத் தங்கியது அதனோடு வந்த விளைவு. அவ்விளைவையே பயனாகக் கொள்ள முற்பட்டவர் இங்கிலாந்தின் வில்லியம் இலாங்மெய்டு. 1842-இல் அவர் பெற்ற உரிமைப்பட்டயம், பைரைட்டையும் உப்பையும் சேர்த்து வறுத்துச் சோடியம் சல்பேட்டு எடுப்பது பற்றியது. கந்தகத்தை உப்பால் கட்டும் கருத்து இங்கே தெளிவுருப் பெற்றது எனலாம்.

4. ஒரே கல், இரு விதி

ஒரே தாது இருவேறு இடங்களில் இருவேறு விதியைப் பெற்ற வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. இசுப்பெயின் நாட்டின் தென்மேற்கிலுள்ள இரியோ டின்டோ சுரங்கம், செம்பு கலந்த பைரைட்டுக்குப் பெயர் போனது. அங்கே தாதுவைத் திறந்த வெளியில் குவித்துத் தீமூட்டி மாதக்கணக்கில் வறுத்தனர். கந்தகம் முழுவதும் புகையாக வயல்களின்மேல் கவிந்தது. புகையை நிறுத்துமாறு கோரி 1888 பிப்பிரவரி 4-ஆம் நாள் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் பெண்டிரும் பிள்ளைகளும் ஊர்வலமாகத் திரண்டனர். படைவீரர் அவர்கள்மேல் சுட்டதில் பலர் மாண்டனர். துப்பாக்கிச் சூட்டின் ஆண்டு என்றே அவ்வட்டாரத்தார் அவ்வாண்டை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

அதே சுரங்கத்தின் கல் கப்பலேறி இங்கிலாந்துக்கும் சென்றது. அங்கே அமிலத் தொழிற்சாலைகள் அதனை மூடிய அடுப்பில் எரித்து, புகையைக் கந்தக அமிலமாக மாற்றி விற்றன. எரித்தபின் நின்ற எச்சத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு செம்பும் சிறிது கந்தகமும் இருந்தன. வில்லியம் ஏண்டர்சன் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த முறைப்படி, அவ்வெச்சத்தைத் தூளாக்கி உப்போடு கலந்து மீண்டும் வறுத்தனர். செம்பு நீரில் கரையும் குளோரைடாக மாறியது. அப்போது எழுந்த ஐட்ரோகுளோரிக் அமில வளியைக் கற்கோபுரத்துள் செலுத்தி, மேலிருந்து விழும் நீரில் கரைத்துப் பிடித்தனர். பிடித்த அவ்வமிலத்தையே வறுத்த தூளின்மேல் ஊற்றிச் செம்பைக் கரைத்தனர். கரைசலில் பழைய இரும்பையிட்டுச் செம்பைப் படிய வைத்தனர். இறுதியில் எஞ்சிய செந்நிற இரும்பு ஆக்சைடு இரும்பாலைக்குச் சென்றது.

சுரங்கத்தருகே புகையாகிப் பயிரைக் கொன்ற கந்தகம், இங்கே விற்பனைப் பொருளாயிற்று. வேறுபாட்டிற்குக் காரணம் உப்பின் ஆற்றல் மட்டும் அன்று. மூடிய அடுப்பும் கோபுரமும் இருந்தமை ஒன்று; பிடித்த பொருளுக்கு அருகிலேயே வாங்குவோர் இருந்தமை மற்றொன்று.

இவ்விரண்டோடு சட்டமும் சேர்ந்தது. சோடாத் தொழிற்சாலைகள் உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சுட்டபோது எழுந்த ஐட்ரோகுளோரிக் அமிலப் புகை இங்கிலாந்தின் வயல்களையும் மரங்களையும் அழித்தது. 1863-இல் இயற்றப்பட்ட காரத் தொழிற்சாலைச் சட்டம், அப்புகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கையேனும் பிடித்தல் வேண்டும் என விதித்தது. இராபர்ட்டு ஆங்கசு சுமித்து எனும் வேதியியலார் அதற்குத் தலைமைக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காரத் தொழிற்சாலை என்பதற்குக் கூறிய வரையறை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. சோடியம் சல்பேட்டு செய்யும் ஆலைகளோடு, செம்புத் தாதுவை உப்பிட்டோ பிற குளோரைடுகள் இட்டோ பக்குவம் செய்து சல்பேட்டு உண்டாக்கும் ஆலைகளும் அவ்வரையறையுள் அடங்கின. உப்பிட்டு வறுத்தல் புகையை ஒழிக்கும் முறையாக அங்கு மதிக்கப்படவில்லை. அதுவே கண்காணிப்புக்குரிய புகைத்தொழிலாக மதிக்கப்பட்டது. உப்பு புகையை ஒழிக்கும் என்னும் கருத்துக்கு நேரான மறுப்பு இதுவாகும்.

5. உப்பின் கணக்கு

இனி, வேதியியல் வழி நின்று இதனைக் கணக்கிட்டுக் காண்போம். செம்புச் சல்பைடின் ஒரு மூலக்கூறு, உப்பின் இரண்டு மூலக்கூறுகளோடும் ஆக்சிசனின் இரண்டு மூலக்கூறுகளோடும் சேர்ந்தால், செம்புக் குளோரைடு ஒன்றும் சோடியம் சல்பேட்டு ஒன்றும் தோன்றும். கந்தகத்தின் எடை 32 ஆயின், அதனைக் கட்டுதற்கு வேண்டிய உப்பின் எடை 117. அதாவது, ஒரு கிலோ கந்தகத்துக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். தோன்றும் சோடியம் சல்பேட்டின் எடையோ நான்கரைக் கிலோ அளவினது.

உலகில் செம்பு பெரும்பாலும் சால்கோபைரைட்டு எனும் தாதுவிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அதில் செம்பும் கந்தகமும் ஏறத்தாழச் சம எடையில் உள்ளன. ஆகவே ஒரு கிலோ செம்பு எடுக்கும்போது ஒரு கிலோ கந்தகத்துக்கு வழி காணவேண்டும். புகையாக விட்டால் அது இரண்டு கிலோ கந்தக டைஆக்சைடு. அமிலமாக்கினால் மூன்று கிலோ கந்தக அமிலம். உப்பால் கட்டினால் நான்கரைக் கிலோ சோடியம் சல்பேட்டு. வழி எதுவாயினும் கந்தகம் அந்த ஒரு கிலோவே. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

மேலும், மேற்கூறிய வினை ஏட்டில் காண்பதுபோல் அடுப்பில் நிகழ்வதில்லை. தாதுவிலோ காற்றிலோ ஈரம் இருப்பின், கந்தக டைஆக்சைடும் ஆக்சிசனும் நீராவியும் உப்பைத் தாக்கிச் சோடியம் சல்பேட்டையும் ஐட்ரோகுளோரிக் அமில வளியையும் தோற்றுவிக்கும். ஏர்கிரீவ்சு என்பார் 1870-களில் இவ்வினையையே தொழிலாக்கினார். சூடு மிகின் செம்பு, ஈயம் முதலியவற்றின் குளோரைடுகள் ஆவியாகப் பறக்கும். தாதுவில் பாசாணம் இருப்பின் அதன் குளோரைடு 130 பாகை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். ஆகவே கந்தகப் புகை குறைந்த இடத்தில் குளோரின் சார்ந்த புகை தோன்றக்கூடும். அதனைப் பிடிக்கக் கோபுரம் வேண்டும். சோடியம் சல்பேட்டோ நீரில் எளிதிற் கரைவது. அதனைப் படிகமாக்கிப் பிரித்துச் சலவைத்தூள், கண்ணாடி, காகிதத் தொழில்களுக்கு விற்றால் பயன். விற்க இயலாது கொட்டினால் மழைநீரோடு கரைந்து கிணற்றை உவர்ப்பாக்கும். புகையால் வானுக்குச் சென்ற தீங்கு நீரால் நிலத்துக்குத் திரும்பும்.

இவ்வாறு கூறுவதால் உப்பிட்டு வறுத்தல் பயனற்ற முறை என்று நாம் கூறவில்லை. கந்தக அமில ஆலை நிறுவுதற்குப் போதாத சிறிய சுரங்கங்களுக்கும், பல உலோகங்கள் விரவிய தாதுக்களுக்கும், குறைந்த சூட்டில் செம்பை நீரில் கரையும் வடிவுக்குக் கொண்டுவருதற்கும் இது ஏற்றதாகலாம். ஆய்வுக்கூடங்களில் இம்முறை இன்றும் ஆராயப்படுவதற்குக் காரணம் அதுவே. நாம் கூறுவது, எச்சக் கணக்கு இன்றி எம்முறையும் தூய முறையாகாது என்பதே.

6. தூத்துக்குடி: உப்பும் செம்பும் கூடிய ஊர்

இக்கணக்கு தமிழர்க்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. தமிழகத்தில் உப்பும் செம்புத் தாதுவும் ஓரிடத்தில் கூடிய ஊர் தூத்துக்குடி. மழை குறைந்து வெயில் மிகுந்த அக்கடற்கரையே தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதியை விளைவிக்கின்றது. அதே ஊரில் 1996-இல் இசுட்டெர்லைட்டு நிறுவனத்தின் செம்பு உருக்காலை செயற்படத் தொடங்கியது. கப்பலில் வந்திறங்கிய அடர்ப்பித்த தாதுவை அங்கே உருக்கினர். அதன் ஆண்டுத் திறன் பின்னர் 4 லட்சம் டன் செம்பு வரை உயர்ந்தது. கந்தகத்தைக் கட்டுதற்கு அவ்வாலை கொண்ட வழி உப்பன்று. கந்தக டைஆக்சைடைக் கந்தக அமிலமாக மாற்றும் வழி.

2013 மார்ச்சு 23-ஆம் நாள் காலை, ஊரார் கண்ணெரிச்சலும் தொண்டையெரிச்சலும் உற்றதாக முறையிட்டனர். அம்மாத இறுதியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட ஆணையிட்டது. பிறிதொரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஏப்பிரல் 2-ஆம் நாள், சூழலைக் கெடுத்தமைக்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி ஆலை மீண்டும் இயங்கியது. விரிவாக்கத்தை எதிர்த்து மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாம் நாளான 2018 மே 22-இல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி சென்றது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். மே 28-ஆம் நாள் தமிழக அரசு ஆலையை நிலையாக மூட ஆணையிட்டது. 2020 ஆகத்து மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமும், 2024 பிப்பிரவரி 29-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அவ்வாணையை நிலைநிறுத்தின.

இரியோ டின்டோவில் 1888-இல் நிகழ்ந்ததும் தூத்துக்குடியில் 2018-இல் நிகழ்ந்ததும் நூற்று முப்பது ஆண்டுகளால் பிரிக்கப்பட்டவை. அங்கே தாது திறந்த வெளியில் வறுக்கப்பட்டது. இங்கே அமில ஆலை இருந்தது. தொழில்நுட்பம் வேறு. ஆயினும், எச்சத்தின் கணக்கை அறியும் உரிமையும் அதனைக் கேட்கும் இடமும் தமக்கு இல்லை என்று ஊரார் உணர்ந்தமை இரண்டிடத்தும் ஒன்றே.

அவ்வாலை உப்பிட்டு வறுக்கும் வழியை மேற்கொண்டிருப்பின் தீங்கு நேர்ந்திராதோ என ஒருவர் வினவலாம். மேற்கூறிய கணக்கே அதற்கு விடை. 4 லட்சம் டன் செம்புக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் கந்தகம். அதனை முழுதும் கட்டுதற்கு 14 லட்சம் டன்னுக்கு மேல் உப்பு வேண்டும். தமிழ்நாட்டின் ஓராண்டு உப்பு விளைவில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். வெளிவருவதோ 17 லட்சம் டன்னை மிகுந்த சோடியம் சல்பேட்டு. அதனை எங்கு வைப்பது, யாருக்கு விற்பது, விற்காதது மன்னார் வளைகுடா நீரில் கலவாமல் எங்ஙனம் காப்பது என்ற கேள்விகள் உடனே எழும். ஆகவே அத்துணைப் பெரிய ஆலைக்கு உப்பு மருந்தாகாது. புகையை அமிலமாக்கும் முறையே பொருத்தமானது; ஆயின் அம்முறையும் கசிவின்றி இயங்குகின்றதா என்பதை ஊர் அறியுமாறு கண்காணித்தல் வேண்டும்.

7. காஞ்சியின் சரிகை

பெருந்தொழிலை விடுத்து, மீண்டும் மாகறலைச் சூழ்ந்த காஞ்சி வட்டாரத்துக்கு வருவோம். இங்குச் சுரங்கம் இல்லை, உருக்காலையும் இல்லை. எனினும் உலோகம் பிரிக்கும் சிறுதொழில் பட்டுத்தறியோடு ஒட்டி வாழ்கின்றது. காஞ்சிப் பட்டின் சரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக்கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நைந்த பட்டுப் புடவைகளைச் சரிகைக்காக விலைக்கு வாங்குவோர் ஊர்தோறும் வருதலை நாம் அறிவோம். அவ்வாறு வாங்கிய சரிகையை எரித்து, சாம்பலை உருக்கி வெள்ளி எடுப்பர்.

அவ்வெள்ளியில் பொன்னும் செம்பும் கலந்திருக்கும். அதனை வெடியுப்புத் திராவகத்தில் இட்டால் வெள்ளியும் செம்பும் கரையும். பொன் கரையாது அடியில் தங்கும். அப்போது செம்பழுப்பு நிறப் புகை எழும். அது நைட்ரசன் டைஆக்சைடு, நுரையீரலைப் புண்ணாக்குவது. கரைசலை வடித்து அதில் கறியுப்பைப் போட்டால், வெள்ளி தயிர் திரண்டாற்போல் வெண்ணிறக் குளோரைடாகத் திரளும். சார்டிசு நகரத்தார் தீயில் உப்பைக் கொண்டு செய்ததை, இங்கே நீரில் உப்பைக் கொண்டு செய்கின்றனர். வெள்ளியைக் குளோரைடாக்கிப் பிரித்தல் இரண்டிலும் ஒன்றே.

வெள்ளி நீங்கியபின் கலத்தில் எஞ்சுவது செம்பும் அமிலமும் கலந்த நீலப்பச்சை நீர். அதனைச் சாக்கடையில் விட்டால் அது ஏரிக்கும் கிணற்றுக்கும் செல்லும். பழைய இரும்பைச் சில நாள் அதில் போட்டு வைத்தால் செம்பு படியும். எஞ்சிய நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் அமிலம் தணியும். ஏண்டர்சன் முறையில் செம்பைப் படியவைத்த அதே இரும்பு, ஒரு சிறு பட்டறையின் தொட்டியிலும் அவ்வேலையைச் செய்யும். பழுப்புப் புகைக்கு மூடிய கூண்டும் நீர்த்தாரையும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஆனால் புகையையும் கழிவுநீரையும் கேட்பார் இல்லாத இடத்தில் அச்சிறு செலவையும் மேற்கொள்வார் அரியர்.

காஞ்சிக்கு இக்கேள்வி புதிதன்று. உத்தமசோழன் காலத்துச் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டில் பட்டசாலிகள் எனும் நெசவாளர் வாழ்ந்த நான்கு சேரிகளைக் குறிப்பிடுகின்றது. ஊரகத்துக் கோயிலின் நடைமுறையில் அவர்களுக்கு இருந்த பொறுப்பையும் பேசுகின்றது. பட்டு நெய்தோர் பொதுப்பொருளின் கணக்குக்கும் பொறுப்பேற்றிருந்தனர் என்பது அதனால் பெறப்படும். அருகிலிருந்த உத்திரமேரூரோ, உரைகல் துகள் ஒட்டிய மெழுகை ஏரி வாரியத்துக்கு உரியதாக்கியது. அத்துகள் பொன்; இன்று பட்டறையிலிருந்து ஏரிக்கு வருவது நஞ்சு. ஆதலின் கணக்குக் கேட்கும் தேவை அன்றினும் இன்று மிகுதி.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். பொன்னை உப்பிட்டுப் புடமிடுதலும், கந்தகத் தாதுவை உப்பிட்டு வறுத்தலும் வேதியியலில் உறவுடையன. வரலாற்றில் வேறு வேறானவை. முன்னதை அறிந்தமை கொண்டு பின்னதையும் அறிந்திருந்தோம் எனல் பொருந்தாது. உப்பிட்டு வறுத்தல், மெக்சிகோவிலும் ஐரோப்பாவிலும் உலோகம் பெறுவதற்காக வளர்ந்தது. கந்தகத்தைக் கட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் கட்டப்பட்ட கந்தகம் வேறு வடிவில் நிற்கின்றதேயன்றி அழிவதில்லை. உடன் குளோரின் சார்ந்த புகையும் எழுகின்றது. சிறுதொழிலுக்கும் சிக்கலான தாதுக்களுக்கும் அம்முறை பயன்படலாம். தூத்துக்குடி அளவினதாகிய ஆலைக்குப் பயன்படாது.

இலக்கண நூலார் முற்றுப்பெறாது முடிக்குஞ்சொல்லை வேண்டி நிற்பதனை எச்சம் என்றனர். தொழிலின் எச்சமும் அத்தகையதே. புகையும் சாம்பலும் கழிவுநீரும் இறுதியில் எங்குச் சேர்ந்தன என்று எழுதப்படும் வரை அத்தொழிலின் வரலாறு முற்றுப்பெறுவதில்லை. நம் நாட்டு உலோகத் தொழில் வரலாற்றை எழுதுவோர் இதுவரை வாளையும் நாணயத்தையும் செப்புத் திருமேனியையும் பெரிதும் ஆராய்ந்தனர். பழைய உருக்குக் களங்களின் கிட்டத்தையும், பொற்கொல்லர் தெருக்களின் மண்ணையும், சரிகைப் பட்டறைகளின் கழிவையும் ஆராய்தல் இனிச் செய்யவேண்டிய பணி. கல்வெட்டுகளில் பொன், உரை, மெழுகு, வாரியம் பற்றி வரும் குறிப்புகளை ஒருங்கு தொகுத்தால், எச்சத்தைத் தமிழூர்கள் எவ்வாறு ஆண்டன என்பது மேலும் விளங்கும். இத்துறையில் புகும் மாணாக்கர் உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து தொடங்குதல் நலம்.